சுற்றாத வேகம்

அறுபத்தெட்டு. மருதாசலம் கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிவிட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அறுபத்தொன்பது. இல்லை, அறுபத்தெட்டேதான். சந்தைக்காரன் சுண்டுவிரலால் தராசை ஆட்டுவதுபோல அந்த எண் திரையின் மூலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரின் சூடு என்று சென்னியப்பன் சொல்லியிருந்தான். எண்பதைத் தாண்டாத வரைக்கும் பயமில்லை என்றும் அவன்தான் சொல்லியிருந்தான். எல்லாமே அவன் சொன்னதுதான். முள் அங்கேதான் இருந்தது. மனைவி துளசிமணிக்கு அவன் தம்பி. மருதாசலத்துக்கு அவன் மைத்துனனாவதற்கு முன்பும் பின்பும் மேஸ்திரி. மில்லை மூடியபோது நிர்வாகம் மேஸ்திரி என்றும் தொழிலாளி என்றும் பார்க்காமல் இருவரையும் ஒரே நாளில்தான் கேட்டுக்கு வெளியே நிறுத்தியது. அதற்காக மேஸ்திரி தொழிலாளி ஆகிவிடுவானா? எசமான் செத்தபிறகும் நாய் அதே வாசலில்தான் படுத்திருக்கும். நாலு மணிக்குத் தொழிற்சங்கத்தின் கூட்டம். நேரில் கூடுகிற கூட்டம் அல்ல, அவரவர் வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் முகம் காட்டிப் பேசுகிற கூட்டம். பல்லடம் சாலையில் ஒரு மில்லில் நூல் முறுக்கும் கதிர்களின் வேகத்தைக் கூட்டவும், கூடுதல் உற்பத்திக்கு ஊக்கத்தொகை வாங்கிக்கொள்ளவும் சங்கம் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடப் போகிறதாம். அதைத் தடுத்துப் பேச சங்கத்தில் ஒரே ஒரு வாய்தான் மிச்சமிருக்கிறது. அந்த வாய்க்கு முழங்கால் போய்விட்டது, மூன்றாவது மாடி ஆபீசுக்கு ஏற முடியாது. அந்த வாய்க்கு இருப்பதெல்லாம் மேசைக்குக் கீழே உறுமிக்கொண்டிருக்கும் இந்தப் பழைய பெட்டி ஒன்றுதான். அதன் வேகத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, வேகத்தைக் கூட்டியே பழகிய மேஸ்திரி அடுக்களையில் அரிசிபருப்பு சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

போன கூட்டத்தில் அவர் முகம் பாதி வார்த்தையில் நின்றுபோனது. வாய் திறந்தபடி, கரையில் போட்ட கெண்டை மாதிரி. அதற்கு முந்தின கூட்டத்திலும் அப்படித்தான். "தோழர், உங்க வாய்ஸ் விட்டு விட்டு வருதுங்க, அப்புறமா பேசிக்கலாமே" என்றான் பொதுச்செயலாளர் சுதர்சன். குரல் மட்டும் என்னவோ தேனாய்த்தான் இருந்தது. சுதர்சன் என்று ஒரு பெயர், தொழிற்சங்கத்துக்கு. சட்டம் படித்த பையன், சட்டையை இன் பண்ணிக்கொண்டு வருகிறவன், கதிர் எப்படிச் சுற்றும் என்று யூடியூபில் பார்த்துத் தெரிந்துகொண்டவன். அப்புறமா என்றால் எப்போது? அவர் பேசவேண்டிய விஷயத்தை எல்லாரும் கையைத் தூக்கி முடித்த பிறகா? மைக்கை அடைப்பதற்கு அவன் கையில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அவனே சொல்லியிருக்கிறான், கூட்டம் நடத்துகிறவனுக்கு அந்த வசதி உண்டு என்று. அந்தக் காலத்தில் மேடையில் பேசும்போது மைக் செட்டுக்காரனுக்குக் காசு கொடுத்து ஒயரைப் பிடுங்கச் சொல்வார்கள். ஒயரைப் பிடுங்கினால் நாங்கள் தொண்டையால் பேசினோம். இப்போது தொண்டையால் பேசினால் பக்கத்து வீட்டு மாடுகூட வராது. நேற்று இதைச் சொன்னபோது சென்னியப்பன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "மாமா, உங்களை ஒருத்தனும் அமுக்கலீங்க. பெட்டிதானுங்க கெழடு. வீடியோவை அனுப்பறதுக்கே அது மூச்சு வாங்குது. நூத்துக்கு நூறு ஓடியும் பத்த மாட்டேங்குது. இதுல பேசறதுக்கு அது எங்க போகும்?" தன் போனைத் தருகிறேன் என்றான். மேஸ்திரி போனில் போய்ப் பேசுவதா? அதுவும் அந்தப் போன், சட்டைப்பையில் படுத்துக்கொண்டு ஊர்ப்பேச்சை எல்லாம் ஒட்டுக்கேட்கும் சனியன். வேண்டாம் என்றார். "அப்படீன்னா இதையே ஏத்தி ஓட்டிப் பாத்தரலாமுங்க" என்றான் அவன். ஏத்தி ஓட்டி. அந்த வார்த்தை வாயில் வந்தபோது அவன் கண்ணில் ஒரு மினுக்கம் இருந்ததே, அதை மருதாசலம் பார்க்காமல் இல்லை.

மின்னழுத்தம் என்பதை அவன் சொன்ன விதம் இன்னும் காதில் உரசிக்கொண்டிருந்தது. கருநீலத் திரையில் ஆங்கில எழுத்துக்களுக்கு நடுவே விரலை வைத்து, "இங்க பாருங்க மாமா, இப்ப ஒண்ணு புள்ளி மூணு ரெண்டு வோல்ட்டு. இதை ஒண்ணு புள்ளி நாலு ஆக்கறனுங்க. அப்பத்தான் வேகத்தை ஏத்தினா தாங்கும். சோறு கம்மியாப் போட்டு வேலையை மட்டும் ஏத்துனா மயங்கி விழுந்துரும் பாருங்க" என்றான். சோறு. கொஞ்சம் கூடச் சோறு போட்டு ஒன்றரை மடங்கு வேலை வாங்குவது. இதற்குத்தானே ஊக்கத்தொகை என்று பெயர் வைத்தார்கள்? இதை அச்சடித்து மில் கேட்டில் நின்று விற்றவர் அவர். எட்டுப் பக்கப் பிரசுரம், மஞ்சள் அட்டை. கூலியில் ஒரு பிடியைக் கூட்டி ஆயுளில் ஒரு கூடையை எடுக்கும் தந்திரம் என்று அதில் ஒரு வரி எழுதியிருந்தார், கூட்டங்களில் அதைச் சொன்னால் கைதட்டல் விழும். "ஆயுசு கொறையுமாப்பா?" என்று நேற்றே கேட்டார். சென்னியப்பன் தலையைச் சொறிந்தான். "கொஞ்சம் கொறையத்தானுங் செய்யும். பத்து வருசம் ஓடறது அஞ்சு வருசம் ஓடும். அதும் ஏற்கெனவே கெழடு. அஞ்சு வருசத்துக்கு அப்புறம் நீங்க எங்கயோ, நான் எங்கயோ." "அதுக்கு அதைக் கேட்டயா?" "எதைங்?" "அந்தப் பிராசஸர் சில்லை." அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அக்கா, இங்க வந்து பாரு, மாமா பிராசஸருக்குச் சங்கம் வைக்கிறாரு." துளசிமணியும் சிரித்தாள். அவளுக்கு எப்போதும் இரண்டு பக்கமும் சிரிப்பு உண்டு. அவர் சிரிக்கவில்லை. கேட்டது வேடிக்கைக்காக அல்ல. ஒன்று புள்ளி நாலு தாங்கும் என்று யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு நெட்டில் இருக்கிறது என்றான். நெட்டில் எழுதியவன் யார், அவன் எந்த ஆள், எதை விற்கிறவன் என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை. பதில் வராத இடத்தில்தான் எப்போதும் விஷயம் இருக்கும்.

எழுபது. எழுபத்தொன்று. மேசைக்கு அடியில் உறுமல் கொஞ்சம் கூடியதுபோல் இருந்தது. கூடியதா, அல்லது அவர் காது கூட்டுகிறதா? நூல் நூற்கும் ரிங் பிரேம்களுக்கு நடுவே இருபது வயதிலிருந்து நின்ற காது. வலது காதில் மதியத்திலும் இரவிலும் ஒரு பிரேம் ஓடிக்கொண்டேயிருக்கும், மில்லை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்ட பிறகும் அந்த ஒரு பிரேமை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. அந்தக் காதுதான் அன்றைக்குக் கண்டுபிடித்தது. ஆயுதபூஜைக்கு மில் சாத்தினார்கள். எந்திரங்களைத் துடைத்துச் சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுத்து அனுப்பினார்கள். லீவு முடிந்து வந்து பிரேமை ஓட்டினால் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. ஓர் இழையைச் சேர்த்துவிட்டுத் திரும்புவதற்குள் நாலு இழை. பிரேமின் ஒவ்வொரு பக்கமாகக் கவனித்துச் சைடு பார்க்கிற பெண்கள் ஓடினார்கள், ஓடிக்கொண்டே மூத்திரத்தை அடக்கினார்கள். மேஸ்திரி சென்னியப்பன் பஞ்சு மோசம் என்றான், புது லாட் என்றான், ஈரப்பதம் என்றான். சத்தம் வேறாக இருக்கிறதே என்று மருதாசலத்தின் காது சொன்னது. சத்தத்தை வைத்து நிர்வாகத்திடம் என்ன வழக்கு ஆட முடியும்? மருதாசலம் வெற்றிலை போடும் கிழவர் ஒருவரின் மடியிலிருந்து சுண்ணாம்பு வாங்கி, பிரேம் நின்ற நேரம் பார்த்து முன்ரோலரில் ஒரு பொட்டு வைத்தார். ஓடவிட்டபின் அந்த வெள்ளைப் பொட்டு மேலே வருவதை ஒருவன் எண்ண, ஒருவன் கடிகாரம் பார்க்க, கணக்கு வந்துவிட்டது. பூஜை லீவில், சந்தனம் காய்வதற்குள், வேகத்தைக் கூட்ட, மோட்டாரின் பெல்ட் சக்கரமான புல்லியைக் கழற்றிப் பெரிய புல்லியை மாட்டியிருந்தார்கள். சாமி கும்பிட்ட கையோடு. அந்தச் சுண்ணாம்புப் பொட்டைத்தான் பிரசுரத்தின் அட்டையில் போட்டார், கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. ஊரே பேசியது. வேலைநிறுத்தம் வந்தது, புல்லி இறங்கியது. மாட்டியவன் யார் என்றும் ஊருக்குத் தெரிந்தது. மாமியார் வீட்டில் அவருக்குச் சில தீபாவளிகளுக்கு இலை போடவில்லை. "நான் வயித்துப் பொழப்புக்கு ஒரே ஒரு புல்லி மாத்துனனுங்க மாமா, அதை நீங்க புஸ்தகம் போட்டு வித்தீங்க" என்று இப்போதும் விருந்தில் சொல்லிச் சிரிக்கிறான். சிரிக்கிறவன் மறந்தவன் அல்ல. அதை அவர் பிரசுரத்தில் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது.

அடுக்களையில் என்ன பேச்சு? பாத்திரச் சத்தம், துளசிமணியின் குரல், "நெய் ஊத்திக்கடா, டாக்டர் சொன்னா சொல்லிட்டுப் போறான்." பிறகு அவன் குரல் தணிந்தது. தணிந்த குரலில் அக்காவிடம் தம்பிக்கு என்ன பேச்சு இருக்கும்? "மாமா இன்னும்..." என்று ஒரு துண்டு கேட்டது. இன்னும் என்ன? இன்னும் திருந்தவில்லையா, இன்னும் சாகவில்லையா, இன்னும் சாப்பிடவில்லையா? மூன்றாவதாகக்கூட இருக்கலாம். மூன்றாவதாக இருந்தாலும் அதற்கு எதற்குக் குரலைத் தணிக்கவேண்டும்? அவன் மகள் மாப்பிள்ளை பல்லடம் பக்கம்தானே ஏதோ மில்லில் கணக்குப் பார்ப்பதாகச் சொன்னார்கள். எந்த மில்? கேட்டதில்லை. கேட்காமல் விட்டது பிசகு. இன்றைக்கு மதியம் இந்தப் பெட்டி எரிந்துபோனால் நாலு மணிக்கு யாருக்கு லாபம்? இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கவேண்டும், எதிலும். யாருக்கு லாபம். சுதர்சனுக்கு லாபம், மில்காரனுக்கு லாபம். நடுவில் ஸ்க்ரூ டிரைவரோடு யார் உட்கார்ந்திருந்தது? அறுந்த நூலுக்குப் பஞ்சைப் பழி சொன்ன அதே ஆள். ஆனால் அவனாக வந்தானா? இல்லை, துளசிமணிதான் கூப்பிட்டாள். சரி, கூப்பிட்டது அவள். உடனே வந்தானே, அன்று மாலையே, பஸ் பிடித்து? எதற்கு அந்த அவசரம்? அக்கா கூப்பிட்டால் வரமாட்டானா? வருவான். வருவான்தான். நினைப்பு செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நின்றது. வோல்ட்டை அவன் ஒன்று புள்ளி நாலில்தான் வைத்தானா? எழுத்து பொடி எழுத்து. கண்ணாடி அப்போது துளசிமணியின் தையல் மெஷின்மேல் இருந்தது. அவன் பொத்தானை எத்தனை முறை அழுத்தினான் என்று அவர் பார்க்கவில்லை.

எழுபது. திரையில் ஆங்கில வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. ஒரே கணக்கைப் போட்டுப் போட்டுச் சரிபார்க்கிறதாம். ஒரு மணி நேரம் தப்பில்லாமல் போட்டுவிட்டால் பெட்டி தாங்கும் என்று அர்த்தமாம். "இதுக்கு டார்ச்சர் டெஸ்ட்டுனு பேருங்க மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போனான். பேரைக் கேட்டதும் மருதாசலத்துக்கு வேலைநிறுத்தத்தில் பிடித்து லாக்கப்பில் போட்டது நினைவுக்கு வந்தது. லாக்கப்பிலும் ஒரே கணக்குத்தான். யார் கல்லெறிந்தது, யார் கூட இருந்தது, யார் கல்லெறிந்தது. அடி என்பது கேள்விகளுக்கு நடுவே வைக்கிற கமா மாதிரி. ஏட்டு அடிப்பதை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகும்போது, சுவரில் ஒரு பல்லி இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு வால் இல்லை. ஒரு தப்பான விடை, யாராவது ஒருவர் பெயர், வந்தால் போதும், விட்டுவிடுவார்கள்; அந்தத் தப்பான விடையைச் சொல்லாமல் இருந்ததுதான் அவர் வாழ்க்கையில் செய்த பெரிய காரியம். பேச்சு வராமல் இருந்ததற்காகத் தோளில் தூக்கினார்கள். இப்போது பேச்சு வருவதற்காக ஒரு பெட்டியை லாக்கப்பில் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். வேகம் கூட்டக்கூடாது என்று பேசுவதற்கு வேகத்தைக் கூட்டி. இது முரண்பாடு. முரண்பாடு என்பது வளர்ச்சியின் விதி என்று பிரசுரத்தில் உண்டு. இது அந்த முரண்பாடு இல்லை, இது வேறு ஏதோ வெட்கம். அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னொன்றும் அடியில் கிடந்தது, அதைத் தொடாமலே சுற்றிப் போய்க்கொண்டிருந்தார். பெட்டி தாங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாலு மணிக்கு முகம் நிற்காமல், குரல் அறாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இத்தனை நாளும் சுதர்சன் பொத்தானை அமுக்கவில்லை. அமுக்கவில்லை என்றால்... இல்லை, அமுக்கினான். இன்றைக்கும் அமுக்குவான். பெட்டி நன்றாக ஓடினால் அவன் அமுக்குவது கையும் களவுமாகப் பிடிபடும். அதற்காகவே இது ஓடட்டும். ஓடவேண்டும்.

ஆனால் ஓடுகிறதா? அந்த எண்ணை யார் காட்டுகிறது? அதே பெட்டி. அந்தப் பெட்டிக்குள் நிரலைப் போட்டது யார்? மில்லிலும் வேகமானி இருந்தது, பித்தளை வளையத்தோடு, சுவரில். புல்லி மாறிய பிறகும் அந்த முள் பழைய எண்ணிலேயே நின்றது. ஏனென்றால் முள்ளுக்கும் நிர்வாகம்தான் சம்பளம் கொடுத்தது. எந்திரத்தின் எண்ணை எந்திரத்தின் சொந்தக்காரனிடம் கேட்காதே, எந்திரத்தையே கேள். இது அவரே எழுதிய வரி, அட்டையின் உள்பக்கம். மருதாசலம் எழுந்தார். முழங்கால் இரண்டு முறை சொடுக்கியது. பெட்டியின் பக்கவாட்டுத் தகரத்தைச் சென்னியப்பன் காற்றுக்காகக் கழற்றித்தான் வைத்திருந்தான். உள்ளே பச்சைப் பலகையின் நடுவில், அலுமினியத் தகடுகளின் தலையில், ஒரு சின்னக் கறுப்பு விசிறி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. இதுதான். இத்தனை பேச்சும் இதைப் பற்றித்தான். பெட்டிக்குள் சுற்றுகிற பொருள் இது ஒன்றுதான் தெரிந்தது, அப்படியானால் வேகம் என்பது இதன் வேகம்தான். ஒன்றரை மடங்குதான் கூட்டினேன் என்றானே, ஒன்றரையா, இரண்டா, மூன்றா? கூடத்து மூலையில் துளசிமணியின் வெற்றிலைத் தட்டு இருந்தது. சுண்ணாம்பு டப்பியின் மூடி இறுகியிருந்தது, பல்லால் திறந்தார், நாக்கு எரிந்தது. நின்ற நேரம் பார்த்துத்தான் பொட்டு வைக்கவேண்டும். இது நிற்காது. மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, கொஞ்சம் யோசித்து, விசிறியின் நடு மொட்டில் மெதுவாக அழுத்தினார். கிர்ரென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது. என்ன சாது! ஓர் இறக்கையின் நுனியில் சுட்டுவிரலால் வெள்ளையை வைத்தார். ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது, ஏதோ ஒரு பழைய ஷிப்டுக்குள் கால் வைத்ததுபோல. பென்சிலை எடுத்தார். விசிறி பாய்ந்தது. வெள்ளைப் பொட்டைக் காணவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வெள்ளை வளையம், புகைமாதிரி. எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. கண் கூசியது. முன்ரோலர் மரியாதையாகச் சுற்றும், ஒவ்வொரு சுற்றுக்கும் முகத்தைக் காட்டிவிட்டுப் போகும். இது ஒளிக்கிறது. மறுபடி பென்சிலை வைத்தார், இந்தத் தடவை முழுக்க நிறுத்தாமல் வேகத்தை மட்டும் மட்டுப்படுத்தி எண்ணலாம் என்று. ஒன்று, இரண்டு, மூன்று... நின்றது. அழுத்தத்தைக் குறைத்தால் பாய்கிறது, கூட்டினால் நிற்கிறது. நடுவில் பிடிக்கவேண்டும். குனிந்த கழுத்து வலித்தது. நாற்பது வரைக்கும் வந்துவிட்டார், கடிகாரம் பார்க்க ஆள் இல்லை, சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் இங்கிருந்து தெரியவில்லை, முதலிலிருந்து எண்ணவேண்டும். பென்சில் விசிறியின் மேலேயே இருந்தது. தகடுகளிலிருந்து சூடு அவர் முகவாயில் அடித்தது, இஸ்திரிப் பெட்டியை முகத்துக்கு நேரே பிடித்ததுபோல. தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார். எண் தொண்ணூற்று நாலு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் போயிற்று, வரிகள் போயின, திரை முழுக்க நீலமாகி வெள்ளையில் ஏதோ ஆங்கிலத்தைக் கக்கிவிட்டு அசையாமல் நின்றது. அவருக்கு முதலில் வந்த நினைப்பு இதுதான்: செய்துவிட்டான்.

"என்னங் மாமா ஆச்சு?" சென்னியப்பன் ஈரக் கையோடு வாசற்படியில் நின்றான். மூக்கு முனையில் ஒரு பருக்கை. "நீதான் சொல்லோணும். தாங்கும்னயே." "தாங்குச்சுங்களே, இத்தன நேரம் தாங்குச்சே. எதையாச்சும் தொட்டீங்களா?" "நான் எதுக்குத் தொடறேன்?" பென்சில் இன்னும் கையில் இருந்தது. மருதாசலம் அதைக் காதில் செருகிக்கொண்டார். சென்னியப்பன் குனிந்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். பச்சைப் பலகையில், தகரத்தில், ஒயர்களில் எங்கும் பொடிப்பொடியாக வெள்ளைத் தெறிப்பு. ஒரு விரலால் தொட்டு மோந்தான். அப்புறம் மெல்ல நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். அவன் முகம் ஒரு கணம் எதுவாகவும் இல்லை. பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான், தோள் குலுங்கியது. "சுண்ணாம்பு! ஏனுங் மாமா, சுண்ணாம்பா? இன்னுமா என்ற மேல சந்தேகம்?" துளசிமணி ஓடிவந்து, "ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டீங்களா?" என்றாள். "இல்ல அக்கா, மாமா என்னோட புல்லியப் புடிக்கப் பாத்துருக்காரு." கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "மாமா, அது வெறும் விசிறிங்க. சூட்டை எறக்கறதுக்கு. அதைப் புடிச்சு நிறுத்துனா வேகாம என்ன பண்ணும்? பிராசஸரு அதுக்கு அடியில இருக்குது, வில்லை மாதிரி. அதுல ஒண்ணும் சுத்தாதுங்க." "ஒண்ணுமே சுத்தாதா?" "ஒண்ணுமே." "அப்புறம் வேகம்ங்கறயே, எது ஓடறது?" சென்னியப்பன் ஓர் ஈரத் துணியை எடுத்தான். "அது... கரண்டுங்க. உள்ளார துடிக்கும். கண்ணுக்குத் தெரியாதுங்க." கண்ணுக்குத் தெரியாது. மருதாசலம் நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றாத வேகம். அச்சு இல்லாத, ரோலர் இல்லாத, ஒரு பொட்டு வைப்பதற்குக்கூட இடம் இல்லாத வேகம். எந்த முதலாளிக்கு இப்படி ஒரு கனவு வந்தது? இதில் ஒன்றரை என்றால் ஒன்றரை, மூன்று என்றால் மூன்று. கேட்பதற்கு ஒரு சத்தம்கூட வராது, உறுமல்கூட விசிறியுடையதாம். சொல்கிறவனை நம்புவதைத் தவிர இதில் தொழிலாளிக்கு வேறு வழியே வைக்கவில்லை. அவர் மைத்துனனின் கழுத்தைப் பார்த்தார். நரைத்த மயிர், வியர்வை. ஈரத் துணியால் ஒவ்வொரு தெறிப்பாகத் துடைத்துக்கொண்டிருந்தான். இவனை நம்பவேண்டும். இந்த வயதில், வேறு வழியில்லாமல்.

பெட்டி திரும்பவும் எழுந்தது. சோதனையை மறுபடி ஓட்ட நேரமில்லை. "தாங்குச்சுன்னா தாங்குது மாமா, நின்னுச்சுன்னா நின்னுச்சு" என்று சென்னியப்பன் பின்னால் முக்காலியில் உட்கார்ந்தான், காமிராவில் விழாத இடமாகப் பார்த்து. அவனே அப்படிப் பார்த்து உட்கார்ந்தது மருதாசலத்துக்கு ஒரு மாதிரி இருந்தது. சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள் வந்தன. ஒருத்தர் வீட்டுக் கூரை விசிறி மட்டும் தெரிந்தது. ஒருத்தர் பஸ்சில் இருந்தார். ஒரு கட்டத்தில் அந்தப் பல்லடம் சாலை மில்லின் பெண், ரோஜாவதி, சைடு பார்க்கிறவள், சீருடையை இன்னும் கழற்றவில்லை, தலைமயிரில் பஞ்சு. சுதர்சன் தீர்மானத்தைப் படித்தான். பிறகு, "தோழர் மருதாசலம், நீங்க பேசறீங்களா?" என்றான். அவனாகவே கேட்டு வாய்ப்புக் கொடுக்கிறான். பொறி இருக்கும். அவர் தொடங்கினார். முதல் வாக்கியம் முடிவதற்குள் அறும் என்று எதிர்பார்த்து வேகமாகப் பேசினார். அறவில்லை. மூலையில் அவருடைய முகம் அவரோடேயே வாயசைத்தது, கையைத் தூக்கினால் கையைத் தூக்கியது; இத்தனை வயதான முகமா இது? இரண்டாவது, மூன்றாவது. நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி, "கேக்குதுங்களா?" என்றார். "தெளிவா கேக்குதுங்க தோழர், சொல்லுங்க" என்றான் சுதர்சன். பொத்தான் எங்கே? அமுக்கு, பார்க்கலாம். அவர் புல்லியைச் சொன்னார், நூல் அறுப்பைச் சொன்னார், ஒரு பிடி கூலி ஒரு கூடை ஆயுள் என்ற வரியைச் சொன்னார், எப்போதும் கைதட்டல் விழும் இடத்தில் பழக்கதோஷத்தில் மூச்சு விட்டார். ஒன்றும் விழவில்லை. பஸ்சில் இருந்தவர் ஜன்னலைப் பார்த்தார். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மரியாதையாக, பொறுமையாக, இழவு வீட்டில் பெரியவர் பேசுவதைக் கேட்பதுபோல. சொல்வதற்கு இருந்ததையெல்லாம் சொல்லி முடித்தார். வாழ்க்கையில் அவரை யாரும் இவ்வளவு நேரம் தடுக்காமல் விட்டதில்லை.

"நன்றிங்க தோழர். வேற யாராச்சும்?" ரோஜாவதியின் கட்டம் பெரிதானது. "தோழர் சொல்றது புரியுதுங்க" என்றாள். "நாங்களும் பேசிக்கிட்டமுங்க. ஒடம்பு போயிரும்னு எங்களுக்கும் தெரியுமுங்க. இப்ப பொண்ணை காலேஜ் சேக்கோணுமுங்க, எனக்கு. அது முடியட்டும், அப்புறம் நாங்களே நிறுத்தச் சொல்லிக் கேக்கறமுங்க." குரல் உடையாமல், அறாமல், பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல வந்தது. மருதாசலம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். அவரிடம் ஒன்றுமில்லை. சுதர்சன் கையைத் தூக்கச் சொன்னான். கட்டங்களில் ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. எதிர்ப்பவர்கள் என்றபோது ஒரு கை, அது அவருக்கு நேர் எதிரே, மூலையில், அவருடைய சொந்தக் கட்டத்தில், சற்றும் தாமதிக்காமல் எழுந்தது.

முகங்கள் அணைந்தன. "ஒரு எடத்துலயாச்சும் நின்னுச்சுங்களா, சொல்லுங்க?" சென்னியப்பன் முக்காலியிலிருந்து எழுந்து வந்தான். முகமெல்லாம் பூரிப்பு. "அக்கா, கேட்டியா? ரேடியோ மாதிரி!" மருதாசலம் முகங்கள் போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்கும் என்று தேடினார். பொத்தான், ஒயர், மில்காரன், இவன் மகளின் மாப்பிள்ளை. கை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, ஒவ்வொன்றையும் வெறுமையாய் விட்டுவிட்டு வந்தது.

"மாப்ளே."

"சொல்லுங் மாமா."

"பழையபடி எறக்கி வெச்சுரு."

"ஏனுங்? நல்லாத்தானுங்களே ஓடுது?"

"சூடு."

சென்னியப்பன் திரையை எட்டிப் பார்த்தான். "அம்பதுகூட இல்லீங்களே."

"வெச்சுருன்னா வெச்சுரு" என்றார் அவர். குரல் நடுவில் ஓரிடத்தில் அறுந்தது. சென்னியப்பன் அவர் முகத்தைப் பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான், பெட்டியை அணைத்தான், அது திரும்பவும் எழும்வரை இருவரும் இருட்டான திரையில் தெரிந்த இரண்டு தலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.